பென்சிலின் ஊசி: போடும் முன் ஏன் இத்தனை கேள்வி? அலெக்சாண்டர் ஃப்ளெமிங் வாழ்க்கையில் இருக்கும் பதில்

பென்சிலின் ஊசி போட்டுக்கொண்டவர்களுக்குத் தெரியும். ஊசி ஏறி இறங்க ஒரு நிமிடம் ஆகாது. ஆனால் அதற்கு முன்னால் நடக்கும் விசாரணை பெருசு. முன்னாடி இந்த மருந்து போட்டிருக்கிறீர்களா, அப்போது உடம்பில் தடிப்பு வந்ததா, வீசிங் இருக்கிறதா என்று நர்ஸ் கேட்பார். பல இடங்களில் முன்கையில் துளியூண்டு மருந்தை ஏற்றி டெஸ்ட் பார்ப்பார்கள். எல்லாம் முடிந்து கிளம்பலாம் என்று எழுந்தால், அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போகச் சொல்வார்கள்.

அவசரத்தில் இருக்கும் நமக்கு எரிச்சலாக வரும். ஆனால் இந்த மருந்தைக் கண்டுபிடித்தவரின் வாழ்க்கையைக் கொஞ்சம் திருப்பிப் பார்த்தால், அந்தக் கேள்விகளில் பலவும் எங்கிருந்து வந்தன என்று புரியும். பாடப் புத்தகத்தில் நாம் படித்தது பூஞ்சை விழுந்த ஒரு தட்டின் கதையை மட்டும்தான். அந்தத் தட்டுக்கு முன்னும் பின்னும் நிறைய நடந்திருக்கிறது.

யார் இந்த ஃப்ளெமிங்?

அலெக்சாண்டர் ஃப்ளெமிங் 1881 ஆகஸ்ட் 6 அன்று ஸ்காட்லாந்தின் டார்வெல் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு பண்ணை வீட்டில் பிறந்தவர். விவசாயக் குடும்பம். ஏழு வயதில் அப்பா இறந்துவிட்டார். பதின்மூன்று, பதினான்கு வயதில் அண்ணன் வீட்டில் தங்கிப் படிக்க லண்டன் வந்தார். படிப்பு முடிந்ததும் கப்பல் கம்பெனி ஒன்றில் குமாஸ்தா வேலை. நான்கு வருஷம் அங்கேதான் ஓடியது.

பிறகு சித்தப்பா ஒருவரின் சொத்தில் இருந்து 250 பவுண்டு பங்கு வந்தது. அந்தப் பணம்தான் அவரை டாக்டர் ஆக்கியது. 1901-ல் லண்டன் செயின்ட் மேரீஸ் மருத்துவமனையின் கல்லூரியில் சேர்ந்தார். ஏன் அந்தக் கல்லூரி என்றால், அவர்களோடு ஒருமுறை வாட்டர் போலோ விளையாடியிருக்கிறார், அவ்வளவுதான் காரணம்! படிப்பு முடிந்து கிளம்ப வேண்டியவரை அங்கேயே பிடித்து வைத்ததும் ஒரு விளையாட்டு. கல்லூரி துப்பாக்கி சுடும் அணிக்கு நல்ல ஆள் வேண்டும். அவர் போய்விடக் கூடாது என்று அணித் தலைவர் அவரை ஆல்ம்ரோத் ரைட் நடத்திய ஆய்வுத் துறைக்குள் நுழைத்துவிட்டார். அதற்குப் பிறகு வாழ்நாள் முழுக்க ஃப்ளெமிங்கின் அலுவலகம் செயின்ட் மேரீஸ்தான்.

பென்சிலினுக்கு முன்னாடியே ஊசிக்காரர்

இது பலருக்குத் தெரியாத பகுதி. பூஞ்சைத் தட்டுக்குப் பதினேழு, பதினெட்டு வருஷம் முன்னாடியே ஃப்ளெமிங் லண்டனில் ஊசிக்காகப் பேர் வாங்கியவர்.

அந்தக் காலத்தில் சிஃபிலிஸ் என்ற பால்வினை நோய் பெரிய கொடுமை. ஜெர்மனியில் பால் எர்லிக் 1910 வாக்கில் அதற்கு சால்வர்சான் என்ற ஆர்செனிக் மருந்தைக் கொண்டுவந்தார். அவர் ஆய்வுக்கூட வரிசையில் அதன் எண் 606. மருந்து வேலை செய்தது. ஆனால் போடுவதுதான் கஷ்டம். மஞ்சள் பொடியை அந்த நேரத்தில் கரைத்து, சரியான பக்குவத்துக்குக் கொண்டுவந்து, நரம்பில் மெதுவாக ஏற்ற வேண்டும். நரம்பை விட்டுக் கொஞ்சம் வெளியே கசிந்தாலும் அந்த இடத்துச் சதை வெந்து அழுகிவிடும். நரம்பு ஊசி என்பதே அன்றைக்குப் பல டாக்டர்களுக்குப் பழக்கம் இல்லாத வேலை.

ஃப்ளெமிங் அதைக் கற்றுக்கொண்டார். கை சுத்தம். பிரிட்டனில் சால்வர்சானை நரம்பில் ஏற்றிய முதல் சில டாக்டர்களில் அவரும் ஒருவர். 1911-ல் லெனார்ட் கோல்புரூக் என்ற சக டாக்டரோடு சேர்ந்து லான்செட் இதழில் அனுபவத்தை எழுதினார். லண்டன் ஸ்காட்டிஷ் படைப்பிரிவில் அவர் சாதாரண சிப்பாய் என்பதால் நண்பர்கள் அவருக்கு சிப்பாய் 606 என்று பட்டப்பெயரே வைத்துவிட்டார்கள்.

ஒரே மருந்து, போடும் இடம் கொஞ்சம் மாறினால் உயிர் காப்பதும் சதையைத் தின்பதும் அதுவே. இந்த விஷயம் முப்பது வயதிலேயே அவர் கைக்குத் தெரிந்திருந்தது. இன்றைக்கு அதே சிஃபிலிஸுக்கு டாக்டர்கள் எழுதும் முதல் மருந்து பென்சிலின் ஊசி. கர்ப்பிணிகளுக்கு இந்த நோய் இருந்தால் வயிற்றில் உள்ள குழந்தையையும் காப்பாற்ற நிரூபிக்கப்பட்ட மருந்து அதுதான்.

சூதாட்ட விடுதியில் ஒரு ஆய்வுக்கூடம்

முதல் உலகப் போர் வந்தது. ரைட்டின் குழு பிரான்சின் பூலோன் நகரத்துக்குப் போனது. அங்கே ஒரு கேசினோ கட்டடத்தை மருத்துவமனையாக மாற்றியிருந்தார்கள். அதற்குள்தான் ஃப்ளெமிங்கின் ஆய்வுக்கூடம்.

குண்டடி பட்டு வரும் சிப்பாய்களின் காயத்தில் மண், துணிக்கிழிசல், குதிரைச் சாணம் எல்லாம் இருக்கும். டாக்டர்கள் கிருமிநாசினியைக் குடம் குடமாக ஊற்றினார்கள். ஆனாலும் காயம் அழுகியது. ஏன்? ஃப்ளெமிங் ஒரு கண்ணாடிக் குழாயின் அடியை உருக்கி முள் முள்ளாக இழுத்து, கிழிந்த காயம் மாதிரியே செய்தார். அதில் கிருமியை வளர்த்து, கிருமிநாசினியை ஊற்றி, கொட்டிவிட்டு மறுபடி நிரப்பினார். முள்ளுக்குள் ஒளிந்திருந்த கிருமிகள் திரும்ப வளர்ந்தன. இன்னொரு பக்கம், கிருமியோடு சண்டை போட வந்த வெள்ளை அணுக்களை அந்த மருந்தே கொன்றுகொண்டிருந்தது.

ஆக அவர் தேடியது, கிருமியைக் கொல்ல வேண்டும், ஆனால் உடம்பைத் தொடக் கூடாது என்ற மாதிரி ஒரு பொருள். 1920-களின் தொடக்கத்தில் சளி பிடித்த தன் மூக்குச் சளியிலேயே லைசோசைம் என்ற பொருளைக் கண்டுபிடித்தார். கண்ணீரிலும் எச்சிலிலும்கூட அது இருக்கிறது. ஆனால் பெரிய நோய்க் கிருமிகளை அது அசைக்கவில்லை.

1928: தட்டு கிடைத்தது, மருந்து கிடைக்கவில்லை

1928 செப்டம்பர் ஆரம்பத்தில் குடும்பத்தோடு விடுமுறைக்குப் போய்த் திரும்பினார். மேசையில் கழுவாமல் விட்டுப்போன தட்டுகள். ஒன்றில் பச்சைப் பூஞ்சை. அதைச் சுற்றி இருந்த ஸ்டெஃபைலோகாக்கஸ் கிருமிகள் கரைந்து போயிருந்தன. இது எல்லோருக்கும் தெரிந்த கதை, அதனால் நீட்ட வேண்டாம். 1929 மார்ச்சில் பூஞ்சைச் சாறுக்குப் பென்சிலின் என்று பெயர் வைத்தார். அதே வருஷம் ஆய்வுக் கட்டுரையும் வந்தது.

கவனிக்க வேண்டியது அடுத்து நடந்தது. அந்தச் சாறை முயலுக்கும் எலிக்கும் ஊசியில் ஏற்றிப் பார்த்தார். ஒன்றும் ஆகவில்லை. வெள்ளை அணுக்களையும் அது தொடவில்லை. போரில் இருந்து அவர் தேடிய குணம் இதுதான். ஆனால் ரெண்டு தடங்கல். ஒன்று, முயலின் ரத்தத்தில் இருந்து சுமார் அரை மணி நேரத்தில் மருந்து காணாமல் போனது. ரெண்டு, தட்டில் கிருமியைக் கொல்ல அதற்குப் பல மணி நேரம் தேவைப்பட்டது. வேலையை முடிக்கும் முன்பே மருந்து சிறுநீரில் போய்விடும் என்றால் ஊசி போட்டு என்ன பயன் என்று நினைத்திருக்கலாம். கிருமி தொற்றிய எலிக்கு ஒரே ஒரு முறை போட்டுப் பார்த்திருந்தால் சரித்திரமே மாறியிருக்கும். அதை அவர் செய்யவில்லை. சாறைச் சுத்தப்படுத்தும் வேதியியலும் அவர் ஆய்வுக்கூடத்தில் கைகூடவில்லை. பத்து வருஷத்துக்கு மேல் பென்சிலின் ஆய்வுக்கூட அலமாரியோடு நின்றுபோனது.

மருத்துவமனையில் சாதாரண பென்சிலின் ஊசியை நாலு மணி, ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை போடுகிறார்களே, அதற்குக் காரணம் அந்த முயலிடம் தெரிந்த அதே விஷயம்தான். நடு ராத்திரி எழுப்பி ஊசி போடுகிறார்கள் என்று நோயாளியின் சொந்தக்காரர்கள் சண்டைக்குப் போவதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு டோஸைத் தள்ளிப் போட்டால் இடையில் ரத்தத்தில் மருந்தே இருக்காது.

ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு போலீஸ்காரர்

தடங்கலை உடைத்தது ஆக்ஸ்ஃபோர்டு குழு. ஹோவர்ட் ஃப்ளோரி, எர்ன்ஸ்ட் செயின், நார்மன் ஹீட்லி. 1940 மே 25 அன்று எட்டு எலிகளுக்குச் சாகடிக்கும் அளவு கிருமியை ஏற்றினார்கள். நாலு எலிக்கு மட்டும் பென்சிலின். மறுநாள் காலையில் அந்த நாலுதான் உயிரோடு இருந்தது.

1941 பிப்ரவரியில் ஆல்பர்ட் அலெக்சாண்டர் என்ற போலீஸ்காரருக்குப் போட்டார்கள். முகம் முழுக்கச் சீழ், ஒரு கண்ணையே எடுத்துவிட்ட நிலைமை. ரோஜா முள் கீறியதால் வந்தது என்று பரவலாகச் சொல்வார்கள்; குண்டுவீச்சில் பட்ட காயம் என்றும் சொல்கிறார்கள். எப்படியோ, சில மணி நேரத்துக்கு ஒரு முறை ஊசி ஏறியதும் மனுஷன் தேறினார். காய்ச்சல் இறங்கியது, சாப்பிட ஆரம்பித்தார். ஆனால் உலகத்தில் இருந்த பென்சிலினே அவ்வளவுதான். அவருடைய சிறுநீரைச் சேகரித்து, அதில் வெளியேறிய மருந்தைப் பிரித்தெடுத்து மறுபடி அவருக்கே போட்டார்கள். அப்படியும் ஐந்தாம் நாள் தீர்ந்துபோனது. கொஞ்ச நாளில் கிருமி திரும்ப எழுந்தது. மார்ச் 15 அன்று அவர் இறந்தார்.

மருந்து கேட்டது, உடம்பு தேறியது, ஆனால் கோர்ஸ் முடியவில்லை. நமக்கு மூணாம் நாள் காய்ச்சல் விட்டதும் மீதி மாத்திரை அலமாரிக்குப் போகிறதே, அந்த இடத்தில் இந்தப் போலீஸ்காரரை நினைத்துக்கொள்ளலாம். அவருக்கு மருந்து இல்லை. நம்மிடம் இருக்கிறது.

ஃப்ளெமிங் தானே போட்ட ஊசி

1942 ஆகஸ்ட். ஃப்ளெமிங்குக்கு 61 வயது ஆகும் சமயம். அவர் அண்ணன் கம்பெனியில் வேலை பார்த்த ஹாரி லாம்பெர்ட் என்பவர் செயின்ட் மேரீஸில் சாகக் கிடந்தார். மூளைக்காய்ச்சல். சல்ஃபா மருந்து கேட்கவில்லை. முதுகுத்தண்டு நீரை எடுத்துப் பரிசோதித்த ஃப்ளெமிங், அதில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி இருப்பதைக் கண்டார். உடனே ஊசியைத் தூக்கவில்லை. முதலில் தட்டில் அந்தக் கிருமியைப் பென்சிலின் கொல்கிறதா என்று பார்த்தார். கொன்றது. பிறகுதான் ஃப்ளோரிக்குப் போன் போட்டார். ஃப்ளோரி கையிருப்பைக் கொடுத்து, எப்படிப் பயன்படுத்துவது என்றும் சொன்னார்.

சதையில் ஊசி போட்டார்கள். ஆள் கொஞ்சம் தெளிந்தார், ஆனால் முழுசாக மீளவில்லை. மறுபடி முதுகுத்தண்டு நீரை எடுத்துப் பார்த்தால் அங்கே மருந்தே போய்ச் சேரவில்லை. அதனால் நேராக முதுகுத்தண்டு வழியாகவே ஏற்றுவது என்று முடிவெடுத்தார் ஃப்ளெமிங். மனிதருக்கு அந்த வழியில் பென்சிலின் போட்ட அனுபவம் அப்போது இல்லை. பெரிய துணிச்சல். ஹாரி லாம்பெர்ட் பிழைத்து, நடந்தே வீட்டுக்குப் போனார்.

இன்றைக்கு அந்த வழியை வழக்கமாகப் பயன்படுத்துவதில்லை. மூளை, தண்டுவடம் பக்கத்தில் பென்சிலின் அளவு மீறினால் வலிப்பு வரும் என்பது பிறகு தெரியவந்தது. அதற்குப் பதிலாக நரம்பு வழியே அதிக டோஸ் கொடுக்கிறார்கள். இந்தச் சம்பவத்தில் எனக்குப் பிடித்தது துணிச்சலைவிட அதற்கு முன்னால் நடந்த வேலைதான். எந்தக் கிருமி, இந்த மருந்துக்கு அது அடங்குமா, மருந்து போக வேண்டிய இடத்துக்குப் போனதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்த பிறகே அடுத்த அடி வைத்தார்.

இடையில் ஒரு வாட்ஸ்அப் கதை

ஃப்ளெமிங்கின் அப்பா சேற்றில் மாட்டிய சிறுவன் சர்ச்சிலைக் காப்பாற்றினார், நன்றிக்கடனாக சர்ச்சிலின் அப்பா ஃப்ளெமிங்கைப் படிக்க வைத்தார், கடைசியில் பென்சிலின்தான் சர்ச்சிலைக் காப்பாற்றியது என்று ஒரு ஃபார்வர்டு வருஷக் கணக்கில் சுற்றுகிறது. பொய். படிக்க வைத்தது சித்தப்பா விட்டுப்போன பணம். 1943-ல் சர்ச்சிலுக்கு நிமோனியா வந்தபோது கொடுத்தது சல்ஃபா வகை மருந்து.

நோபல் மேடையில் ஒரு கற்பனைக் குடும்பம்

1945-ல் ஃப்ளெமிங், ஃப்ளோரி, செயின் மூவருக்கும் நோபல் பரிசு. அந்த டிசம்பரில் ஸ்டாக்ஹோமில் பேசிய உரையில் ஃப்ளெமிங் பெருமை பேசி முடிக்கவில்லை. ஒரு கற்பனைக் கதை சொன்னார். ஒருவருக்குத் தொண்டை வலி. கடையில் பென்சிலின் வாங்கித் தானே போட்டுக்கொள்கிறார். அந்த அளவு கிருமியைக் கொல்லப் போதாது. மருந்தைச் சமாளிக்கக் கிருமிக்குப் பாடம் எடுக்க மட்டும் போதும். பிழைத்த கிருமி அவர் மனைவிக்குத் தொற்றுகிறது. அவருக்கு நிமோனியா. டாக்டர் பென்சிலின் போடுகிறார், கேட்கவில்லை. மனைவி இறந்துபோகிறார். போட்டால் போதுமான அளவு போட வேண்டும் என்பதுதான் அவர் சொல்ல வந்தது.

இது ஜோசியம் இல்லை. குறைந்த அளவு மருந்தில் வளர்த்தால் கிருமி பழகிவிடுவதை அவர் ஆய்வுக்கூடத்தில் பார்த்திருந்தார். 1940-களின் கடைசியிலேயே லண்டன் மருத்துவமனைகளில் பென்சிலினுக்கு அடங்காத ஸ்டெஃபைலோகாக்கஸ் பெருகிவிட்டது. 1928-ல் அவர் தட்டில் கரைந்தது இதே வகைக் கிருமி.

இன்றைய ஊசியில் என்னென்ன கவனிக்கணும்?

இன்னொரு ஆபத்தும் அவர் காலத்திலேயே வெளியே வந்தது: அலர்ஜி. ஊசி போட்ட சில நிமிடத்தில் உயிர் போன சம்பவங்கள் 1940-களின் இறுதியில் மருத்துவ இதழ்களில் வரத் தொடங்கின. மிகவும் அபூர்வம்தான், ஆனால் வந்தால் வேகம் அதிகம். உதடு வீங்கும், தொண்டை அடைக்கும், மூச்சு இரையும், தலை சுற்றிக் கீழே சாய்வார்கள். அப்போது காப்பாற்றுவது உடனடியாகத் தொடையில் போடும் அட்ரினலின் ஊசி. அதனால்தான் பென்சிலினை வீட்டிலோ மருந்துக்கடை பெஞ்சிலோ போடக் கூடாது, அட்ரினலின் கைக்கெட்டும் இடத்தில் போட வேண்டும் என்கிறார்கள். அரை மணி நேரம் உட்காரச் சொல்வதும் இதற்காகவே. முன்கை டெஸ்ட் சரியாக வந்தாலும் முழு உத்தரவாதம் கிடையாது, அதனால் டெஸ்ட் ஓகே என்று உடனே கிளம்பிவிடாதீர்கள்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. சின்ன வயதில் எப்போதோ மாத்திரை சாப்பிட்டு வாந்தி வந்ததை அலர்ஜி என்று எழுதி வைத்திருப்பார்கள். முறையாகப் பரிசோதித்தால் இப்படிப் பட்டியலில் இருப்பவர்களில் பெரும்பாலோருக்கு அலர்ஜியே இருக்காது. அதனால் என்ன மருந்து, எவ்வளவு நேரத்தில், என்ன ஆனது என்பதைத் துல்லியமாகச் சொல்லுங்கள்.

அடுத்தது, பென்சிலின் ஊசி என்பது ஒரே மருந்து இல்லை. நரம்பில் போடும் வகை சில மணி நேரமே தாங்கும். பென்சாத்தீன் பென்சிலின் என்ற வகை பால் மாதிரி வெள்ளையாக இருக்கும். சதையில் தேங்கி வாரக் கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். அதைச் சதையில் ஆழமாக மட்டும்தான் போட வேண்டும். தவறி நரம்பில் ஏறினால் இதயமே நின்றுபோகலாம். சால்வர்சான் காலத்துப் பிரச்சனை தலைகீழாக வந்த மாதிரி! கெட்டியான மருந்து, பெரிய ஊசி, வலிக்கத்தான் செய்யும். வலிக்குப் பயந்து தள்ளிப்போடுபவர்கள் வலி குறைக்க வழி இருக்கிறதா என்று டாக்டரிடமே கேட்கலாம்.

இந்த வெள்ளை ஊசியை அதிகம் போட்டுக்கொள்பவர்கள் ருமாட்டிக் இதய நோய் உள்ள பிள்ளைகளும் இளைஞர்களும். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொண்டைப் புண் சிலருக்கு மூட்டுக் காய்ச்சலாகி, இதய வால்வைக் கெடுத்துவிடும். மறுபடி வராமல் இருக்க மூணு அல்லது நாலு வாரத்துக்கு ஒரு ஊசி. பெரியவர்களுக்குப் பொதுவாக 12 லட்சம் யூனிட். எண்ணைப் பார்த்து மிரள வேண்டாம், ஒரு யூனிட் என்பது ஒரு மைக்ரோகிராமைவிடக் குறைவு. வருஷக் கணக்கில் தொடர வேண்டும். சிலருக்கு நாற்பது வயது வரை, சிலருக்கு ஆயுசு முழுக்க. நல்லாத்தானே இருக்கோம் என்று ரெண்டு மாதம் விட்டால், அந்த இடைவெளியில் ஒரு தொண்டை வலி போதும். வால்வு பாதிப்பு கடுமையாக இருப்பவர்களுக்கு ஊசிக்குப் பதில் மாத்திரை பாதுகாப்பா என்பதை இதய டாக்டர் பார்த்து முடிவு செய்வார். போடும் நாளில் வெறும் வயிற்றோடு போகாதீர்கள், தண்ணீர் குடித்துவிட்டுப் போங்க, படுத்தபடி போட்டுக்கொள்ளுங்கள். அடுத்த தேதியைச் சீட்டிலும் போனிலும் குறித்து வையுங்கள்.

கடைசி வருஷங்கள்

ஃப்ளெமிங்கின் மனைவி சாரா 1949-ல் இறந்தார். 1953-ல் தன்னோடு ஆய்வு செய்த கிரேக்க டாக்டர் அமாலியாவைத் திருமணம் செய்துகொண்டார். 1955 மார்ச் 11 அன்று மாரடைப்பில் லண்டன் வீட்டில் உயிர் பிரிந்தது. செயின்ட் பால்ஸ் தேவாலயத்தில் அடக்கம். அதே வருஷம்தான் புனேவுக்குப் பக்கத்தில் பிம்பிரியில் இருக்கும் அரசு நிறுவனமான இந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ், இந்தியாவிலேயே பென்சிலின் தயாரிக்க ஆரம்பித்தது.

ஸ்பெயின் தலைநகர் மாட்ரிட்டில் லாஸ் வென்டாஸ் காளைச் சண்டை அரங்கத்துக்கு வெளியே ஃப்ளெமிங்குக்கு ஒரு சிலை இருக்கிறது. முன்பெல்லாம் கொம்பு குத்திய காயம் சீழ் பிடித்தே வீரர்கள் செத்துப்போவார்களாம். சிலைக்கு எதிரே வெண்கலத்தில் இன்னொரு உருவம் நிற்கிறது: தொப்பியைக் கழற்றி அவருக்கு மரியாதை செய்யும் ஒரு காளைச் சண்டை வீரர்.